பொருந்தாத கதவு



செட்டிநாட்டில் பழம்பொருளுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவுக்குச் சென்றால், பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குக் கதவுகளும் தூண்களும் கடைகளில் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அத்தகைய கதவொன்றை வாங்குபவருக்கு அனுபவமுள்ள தச்சர் கூறுவது இதுதான்: “கதவுக்கு ஏற்ப வாயிலை அமையுங்கள், வாயிலுக்காகக் கதவைச் செதுக்காதீர்கள்.” பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க விரும்புவோருக்கும் இதைவிடச் சிறந்த அறிவுரையை நான் அறியேன். துருப்பிடித்த பிக்கப் வண்டி ஒன்றுக்கு வேறொரு வண்டியின் கதவையும் மட்கார்டையும் பொருத்தும் வேலையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

ஒரே கம்பெனியின் ஒரே வகை வண்டியாயிற்றே, ஏன் பொருந்தாது என்று நீங்கள் கேட்கலாம். 1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, உறுப்புக்களை ஒன்றாகக் கலந்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி, ஒவ்வொன்றையும் 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். உறுப்புக்களை மாற்றிப் பூட்டலாம் என்பதை உலகம் அன்று கண்டது. ஆனால் கடைந்தெடுத்த இயந்திர உறுப்பு வேறு; தகட்டால் ஆன பாடி வேறு. தகடு பாரத்தால் தொய்யும், மோதலால் நெளியும், வெப்பத்தால் கோணும். ஐம்பது ஆண்டுகள் வெவ்வேறு சாலைகளில் ஓடிய இரு வண்டிகள் பிறந்தபோது ஒன்றாயிருந்தாலும் பின்னர் ஒன்றாயிருப்பதில்லை.

ஆண்டுக்கு ஆண்டு நிகழ்ந்த சிறு மாறுதல்களும் உண்டு. ஷெவர்லே பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 நடுவில் வெளிவந்த அதன் வடிவம் 1955 தொடக்கம் வரை நீடித்தது. தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றே. ஆயினும் 1951-இல் கதவில் காற்று வருவதற்கான சிறு முக்கோணக் கண்ணாடி சேர்ந்தது. 1952-இல் திருகும் கைப்பிடி போய் அழுத்தும் பொத்தான் வந்தது. 1954-இல் இரு துண்டாயிருந்த முன்கண்ணாடி ஒரே துண்டாயிற்று. நம் நாட்டிலோ இன்னொரு சிக்கல். லாரியையும் பஸ்ஸையும் சேஸிஸாக வாங்கி, பாடியைத் தனியே கட்டிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். கரூர் இன்றும் அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. கையால் கட்டிய பாடிக்குக் கட்டியவரின் அளவுகோலே சட்டம்.

சரி, கதவு பொருந்தவில்லை, என்ன செய்வது? முதலில் வண்டியை அதன் சொந்தச் சக்கரங்களின்மேல் சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கியின்மேல் நிற்கும் சேஸிஸ் சிறிது முறுக்கிக்கொள்ளும். அப்போது எடுத்த அளவு பொய்யாகும். அடுத்து, சேஸிஸின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். அவை சமமாக இல்லையெனில், கோணல் சேஸிஸில்தான் இருக்கிறது. பின்பு கேபினைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள். ஒரு மூலையில் ரப்பர் நசுங்கியிருந்தாலே கதவு மேலே இடித்துக் கீழே இடைவெளி காட்டும். அங்கே ஒரு தகட்டுத் துண்டை வைத்தால் பாதி நோய் தீர்ந்துவிடும்.

இதன் பிறகே கதவு. பூட்டின் கொண்டியைக் கழற்றிவிட்டு, கீல்களை மட்டும் தளர்த்திக் கதவை நிலைப்படுத்த வேண்டும். சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருத்தல் நன்று. கதவு சரியான பின், அதை ஆதாரமாகக் கொண்டு மட்கார்டு. மட்கார்டைக் கொண்டு பானெட். எல்லாம் இசையும் வரையில் எந்தப் போல்ட்டையும் முழுவதும் முறுக்கக்கூடாது. வாயிலின் ரப்பரையும் வைத்தே சோதிக்க வேண்டும். அது கதவை வெளியே தள்ளும். பெயிண்டும் சிறிது தடிமன் கூட்டும். இவ்வளவும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே முடிய வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எஞ்சும் குறையைத்தான் சுத்தியலாலும் வெல்டிங்காலும் தீர்க்கலாம். வெல்டிங் செய்யும்போதும் ஒரே மூச்சில் செய்யாமல், ஆங்காங்கே பொட்டு வைத்து ஆறவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையேல் தகடு கோணிவிடும்.

பொறுமையற்றவர் செய்வது என்ன? இடிக்கும் விளிம்பை அறுத்துவிட்டு, பிளவைப் பட்டியால் மெழுகி, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிடுகிறார். வாங்குபவர் கண்ணுக்கு அது அழகாகவே இருக்கும். மழைநீர் உள்ளே இறங்கித் தகட்டை அரிக்கும். கனத்த பட்டி ஒரு நாள் அதிர்ச்சியில் பாளம் பாளமாக உதிரும். வளைந்த தூணோடு ஒட்டுப்போட்ட கதவு, குலுங்கும் சாலையில் திறந்துகொண்டால் ஆபத்து உள்ளே இருப்பவருக்கே. அதற்கும் மேலாக, அறுபட்ட கதவு இனி எந்த வண்டிக்கும் உதவாது. தொழிற்சாலை மூடி எத்தனையோ ஆண்டுகளாகிவிட்ட பின் அதைப் போல் மற்றொன்றை யார் செய்து தருவார்?

மாணவ நண்பர்களே, பொருந்தாமை கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று. அதன் காரணம் இருக்கும் இடம் பெரும்பாலும் வேறொன்று. கதவின் விளிம்பில் தெரிவது கேபினின் காலடியில் பிறந்திருக்கலாம். ஆதலால் அளவுகோல் தன் வேலையை முடிக்கும் வரையில் அரத்தைக் கையில் எடுக்காதிருப்பதே நல்ல தொழிலாளியின் இலக்கணம்.