பதக்கம் போனாலும் பயிற்சி போகாது

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் என்றாலே சேமிப்பு, கடன், வட்டி என்றுதான் ஆரம்பிப்போம். இன்றைக்கு அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைப்போம். விளையாட்டில் ஜெயித்த ஒரு பெண், பிறகு பயிற்சியாளராக ஆன கதையைப் பேசுவோம். நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் நிறைய விஷயம் இருக்கிறது.

திருச்சிக்குத் தெற்கே இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்தை நமக்கெல்லாம் தெரியும். 1991ஆம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. கேலி பேசியவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டு, கூலிக்குப் போகிற பெண்கள், கல்குவாரிப் பெண்கள் எல்லாம் சைக்கிள் ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிளில் வந்தார்கள்.

அதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சி கிராமத்தில் பிறந்தவர்தான் சாந்தி சௌந்தரராஜன். அப்பா, அம்மா செங்கல் சூளைத் தொழிலாளர்கள். தாத்தாதான் ஓடக் கற்றுக்கொடுத்து, ஷூவும் வாங்கிக் கொடுத்தார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். 800 மீட்டர் என்றால் பெரிய மைதானத்தை இரண்டு சுற்று. அதை 2 நிமிடம் 3 விநாடியில் முடித்தார்.

ஆனால், பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். பிறப்பிலேயே அமைந்த உடம்புக்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்? அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு அவமானம், எவ்வளவு வேதனை!

அப்போதைய தமிழக முதல்வர் கருணாநிதி, பதக்கம் போனாலும் 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். சாந்தி அந்தப் பணத்தைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சொந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். 2009இல் அவரிடம் 68 பிள்ளைகள் பயிற்சி பெற்றார்கள்.

அதோடு கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. நிரந்தர வேலை இல்லை. 2012இல் செங்கல் சூளையில் தினக்கூலிக்குப் போகிற நிலை வந்தது. அப்புறமும் அவர் விடவில்லை. பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரத் தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

சகோதரிகளே, இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பதக்கத்தைப் பிடுங்க முடிந்தது. கற்ற வித்தையைப் பிடுங்க முடியவில்லை. ஆனால் வித்தை மட்டும் இருந்தால் சம்பளம் வராது, சூளைக்குத்தான் போக வேண்டியிருந்தது. வித்தையோடு சான்றிதழ் சேர்ந்த பிறகுதான் நிரந்தர வேலை கிடைத்தது.

பயிற்சியாளர் என்ன செய்கிறார்?

"வெங்காயம் பிடுங்குறோம், மக்காச்சோளம் ஒடிக்கிறோம், முந்திரிக்கொட்டை பொறுக்குறோம். எங்களுக்கு எதுக்குங்க உடற்பயிற்சி?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேலையில் நாள் முழுக்க ஒரே பக்கம் குனிகிறோம். இடுப்பும் முட்டியும் தேய்கிறது. பயிற்சி என்பது அளவோடு செய்வது. முதலில் உடம்பைச் சூடாக்கணும், மெதுவாகக் கூட்டணும், நடுவில் ஓய்வு கொடுக்கணும், தண்ணீரும் சத்தான சாப்பாடும் வேணும். இந்த அளவைச் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சியாளர் வேலை. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது சுறுசுறுப்பான அசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

வயசுக்கு வந்ததும் பெண் பிள்ளையின் ஓட்டத்தையும் சைக்கிளையும் நிறுத்திவிடுகிறோம். பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்தும், அது திண்ணையில் சாய்ந்து நிற்கிற வீடுகளை நாங்கள் பார்க்கிறோம். இதை முதலில் மாற்றணும்.

பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமும், மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் கேளுங்கள். தங்குமிடம், சாப்பாட்டோடு பயிற்சி தரும் அரசு விளையாட்டு விடுதிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. பட்டப்படிப்புக்குப் பிறகு உடற்கல்வி ஆசிரியர் படிப்பு இருக்கிறது, பயிற்சியாளர் பட்டயம் இருக்கிறது. ஜெயித்த சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், ரேஷன் கார்டு மாதிரி.

பயிற்சிக்கு அனுப்பும்போது யார் பயிற்சியாளர், எத்தனை மணி வரை, துணைக்கு யார் என்று கேட்பது அம்மாவின் உரிமை. மைதானத்துக்கு ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளை ஏதாவது சங்கடம் சொன்னால் நம்புங்கள். அதற்காக விளையாட்டையே நிறுத்திவிடாதீர்கள், 1098க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் இரண்டு விஷயத்தைத் தீர்மான நோட்டில் எழுதி வரணும். உங்கள் ஊரில் விளையாட்டை நிறுத்திய பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அதில் யாரைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்பப் போகிறீர்கள்?