எந்தப் பயம்?



ஃபிரைட், டிரெட், பானிக், ஆங்ஸைட்டி: ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இவை எல்லாவற்றுக்கும் 'பயம்' என்றே எழுதிவிடுகிறார்கள். ஒன்றுக்கு ஏன் இத்தனை சொல் என்றும் கேட்கிறார்கள். போர் நடந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களைக் கேட்டால் விடை கிடைக்கும்.

பக்கத்து வளவில் திடீரென்று ஷெல் விழுகிறது. 'ஏங்கிப் போனன்' என்போமே, அது ஃபிரைட். வந்த வேகத்திலே போய்விடும். தூரத்தில் பொம்மர் இரைகிறது, பங்கருக்குள் காத்திருக்கிறோம். இன்னும் எதுவும் விழவில்லை. அது டிரெட். சண்டை ஓய்ந்து பல வருடங்களுக்குப் பிறகும், காரணம் தெரியாமலே இரவில் நெஞ்சு படபடக்கிறதே, அதுதான் ஆங்ஸைட்டி. எங்கள் உளமருத்துவர்கள் அதற்குப் பதகளிப்பு என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்.

பானிக் என்பது புத்தி தடுமாறிச் சிதறி ஓடுவது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நகர்ந்ததைப் பலர் பானிக் என்று எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லட்சக்கணக்கானோர் பிள்ளைகளையும் வயதானவர்களையும் சைக்கிளில் கட்டிய மூட்டைகளையும் விடாமல், அடிமேல் அடி வைத்துப் போனார்கள். பயம் நிறைய இருந்தது, புத்தி தடுமாறவில்லை.

ஆங்கிலம் இப்படி, பயம் எப்போது வருகிறது, என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறது. தொல்காப்பியர் வேறு வழியில் போனார். எதனால் வருகிறது என்று பார்த்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்) என்று அச்சத்துக்கு நான்கு காரணம் சொன்னார். இதைச் சொல்லும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் எங்கள் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியர் ஆள்பவரையும் விலங்கோடும் கள்வரோடும் ஒரே வரிசையில் நிறுத்தியது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஊர்ப்பேச்சில் இன்னொரு நுட்பமும் உண்டு. மாடு வெருளும், சண்டியன் வெருட்டுவான். தானாக வரும் பயமும் ஒருவர் வேண்டுமென்று ஊட்டும் பயமும் வேறுவேறு. இன்டிமிடேட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டவே வேண்டாம், 'வெருட்டு' போதும். வயலில் நிற்கும் வெருளியும் அந்த வேலையைத்தானே செய்கிறது!

கடைசியாக, வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். பதில் கடிதம் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கினால், எழுதியவர் எதற்கும் பயப்படவில்லை. வேலை இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள்.