களைத்த இதயத்துக்கும் நடை வேண்டும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



இல்ல விளையாட்டுப் போட்டிக்காக இதே மைதானத்து வெயிலில் உடற்பயிற்சி பழகியவர்கள் நாங்கள். இன்று எங்களில் பலருக்கு நாற்பது கடந்துவிட்டது. மட்டக்களப்பு வழக்கப்படி வீடு மகளுக்கு. வயதான தாயும் பெரும்பாலும் மகளோடுதான். ஆகவே, இதயச் செயலிழப்பு உள்ள தாய் நடப்பதா, படுப்பதா என்பது எங்கள் கையில் இருக்கிறது.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்பதல்ல. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அனுப்ப அது சிரமப்படுகிறது. அதனால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், உடல் களைக்கும்.

எங்கள் அம்மாவுக்கு இந்நோய் வந்தபோது, வைத்தியராக இருந்தும் நாங்கள் மகளாகவே நடந்துகொண்டோம். "அம்மா, நீங்க இருங்க, ஒண்டும் செய்ய வேணாம்" என்று கதிரையில் இருத்தினோம். தேங்காய் துருவ விடவில்லை, முற்றம் கூட்ட விடவில்லை. சில மாதங்களில் கால்கள் மெலிந்து, எழும்புவதற்கே கை கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தளர்ச்சியை நோய் மட்டும் கொண்டுவரவில்லை. எங்கள் அன்பும் சேர்ந்தே கொண்டுவந்தது.

ஒரு காலத்தில் மருத்துவமும் ஓய்வையே சொன்னது. இன்று அப்படியில்லை. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் 2331 நோயாளரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், முறையான பயிற்சி பாதுகாப்பானது என்றும் வாழ்க்கைத்தரத்தை ஓரளவு உயர்த்துகிறது என்றும் தெரிந்தது. பழகிய தசை குறைந்த இரத்தத்திலும் கூடுதல் வேலை செய்யும்; இதயத்தின் சுமை குறையும்.

நோய் கட்டுப்பாட்டில் உள்ளதா என்று முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். பின்னர் சமதரையில் காலையும் மாலையும் ஐந்து நிமிட நடை போதும். இயலும்போது ஓரிரு நிமிடம் கூட்டலாம். மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியுங்கள். மீன் பாடும் வாவிக்கரையில் ஓர் அளவுகோல் சொல்கிறோம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாடத்தான் முடியாதிருக்கலாம். பேச்சே தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள்.

நெஞ்சு நோ, தலைச்சுற்று, படபடப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். அது அடங்காவிட்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சல் நாளில் நடக்க வேண்டாம். மூன்று நாளில் நிறை இரண்டு கிலோ கூடினாலோ, கால் வீக்கம் அதிகரித்தாலோ, படுக்க இன்னொரு தலையணை தேவைப்பட்டாலோ நடையை விட்டு வைத்தியரைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நடக்க வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கருவாட்டுக் குழம்பின் உப்பை நடை கரைத்துவிடாது என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கள் அம்மா இப்போது விடியலில் காந்தி பூங்காவில் நடக்கிறார், இடையிடையே இருந்து இளைப்பாறுகிறார். தேங்காயும் அவரே துருவுகிறார். நோய் போய்விடவில்லை, ஆனால் எழும்ப எங்கள் கை வேண்டாம்.

சகோதரிகளே, இன்று வீடு திரும்பியதும் "இருங்கம்மா" என்பதற்குப் பதிலாக, "வாங்கம்மா, கொஞ்சம் நடப்பம்" என்று சொல்லிப் பாருங்கள்.