முழங்கை வலியும் வாப்பாவின் கட்டிலும்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திர நலக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் இல்லை. இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். வயது 49. இளமையில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று திரிந்தேன். கல்யாணம், கடை, பிள்ளைகள் என்று ஆனதும் எல்லாம் நின்றுபோனது. 44 வயதில் சர்க்கரை வந்தது. "நடங்கள், எடை தூக்குங்கள்" என்றார் டாக்டர். மறுபடியும் ஜிம்முக்குப் போனேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, தொப்பையும் குறைந்தது. அதனால் உடற்பயிற்சியைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. நான் செய்த தவறுகளைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நோன்பு மாதத்தில் ஜிம் பக்கம் போகவில்லை. பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், முன்பு விட்ட அதே எடையில் ஆரம்பித்தேன். 60 கிலோ பார்பெல்லைக் குனிந்து இழுப்பது, கம்பியில் தொங்கிப் புல்-அப் எடுப்பது, எல்லாம் அதே கணக்கில். தசை ஒத்துழைத்தது. பக்கத்தில் நின்ற பையன்கள், "மாமாவுக்கு ஒரு மாசம் போனதே தெரியல" என்றார்கள். எனக்கும் அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு துருத்தி நிற்கும் இடத்தில், ஒரு நோவு. முதலில் பயிற்சியின்போது மட்டும் வலித்தது. பிறகு செம்பில் தண்ணீர் எடுத்தால், துண்டைப் பிழிந்தால், கடைப் பூட்டில் சாவியைத் திருப்பினால் வலித்தது. ஒருவருக்கு முஸாஃபஹா கொடுத்தால் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் டென்னிஸ் எல்போ. நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. இந்த நோவு வருகிற பெரும்பாலானவர்களும் அப்படித்தான். நாற்பதுகளில் இருப்பவர்கள், ஐம்பதைத் தொடுபவர்கள், கையால் இறுக்கிப் பிடித்து வேலை செய்பவர்கள்: தச்சர், பெயிண்டர், மாவு பிசையும் பெண்கள்.

தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறுதான் தசைநாண். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் கயிறுகள் முழங்கையின் வெளி எலும்பில் வந்து சேர்கின்றன. எதையாவது இறுக்கிப் பிடித்தால் இந்தக் கயிறுதான் சுமை தாங்கும். பயிற்சியை விட்டுவிட்டுத் திரும்பும்போது தசை சீக்கிரம் பழைய பலத்துக்கு வந்துவிடும். தசைநாண் அப்படியில்லை. அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு, மாற்றமும் மெது. தசைக்கு வாரக் கணக்கு என்றால் தசைநாணுக்கு மாதக் கணக்கு. தசை தயார், கயிறு தயாரில்லை. நான் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்தான். வயது கூடக் கூட இடைவெளியும் கூடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரை தசைநாணின் நார்களோடு ஒட்டி அவற்றை விறைக்க வைக்கிறது.

இனி வாப்பாவைப் பற்றி. மூன்று வருடம் முன்பு அவர்களுக்குப் பக்கவாதம் வந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, ஒரு நாளில் ஆறேழு முறை தூக்க வேண்டும். வீட்டில் அந்த வேலை என்னுடையது. நான் ஜிம்முக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்தான். ஒரு நாள் சுபுஹுக்குப் பிறகு அவர்களைத் தூக்கி நிறுத்தும்போது முழங்கையில் சுளீர் என்று வெட்டியது. பிடி விட்டுப்போனது. மகன் ஓடி வந்து தாங்காவிட்டால் வாப்பா தரையில் விழுந்திருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் கையைத் தடவிப் பார்த்து, "என்ன வாப்பா, கை வலிக்கா?" என்றார்கள். நான் இல்லை என்று பொய் சொன்னேன்.

அன்று சாயங்காலமே ஒரு மருத்துவமனைக்குப் போனேன். முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது. பழைய எடைக்குத் திரும்பினேன். ஐந்து மாதத்தில் வலி வந்தது, முன்பைவிட மோசமாக. இரண்டாவது ஊசி. அது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் என் குளுக்கோமீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ஊசிக்குத் தேதி வாங்கியிருந்த சமயம், பிசியோதெரபி படித்து வேலை பார்க்கும் நம் தெருப் பிள்ளை ஒன்று என்னை உட்கார வைத்துப் பேசியது. "மாமா, ஊசி வலியைத்தான் அடக்கும், கயிற்றைப் பலமாக்காது" என்றது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இதே வலி உள்ள 165 பேரை ஒரு வருடம் கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக் காட்டியது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு முதல் சில வாரங்கள் நல்ல சுகம். ஆனால் ஒரு வருடத்துக்குள் அவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியிருக்கிறது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் திரும்பியது 12 சதவீதம் பேருக்குத்தான். அதைப் படித்தபோது என் கதையை யாரோ முன்பே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

"அப்படியானால் கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டேன். அதுவும் தவறாம். சும்மா வைத்த கயிறு இன்னும் பலவீனமாகும். சுமைதான் அதற்கு மருந்து, அளவு மட்டும் தெரிய வேண்டும். இந்த எண்ணத்தைப் பரப்பியவர்களில் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன். குதிகால் தசைநாண் வலியோடு ஓட முடியாமல் இருந்த நடுவயதுக்காரர்கள் 15 பேருக்கு, எடையை மெதுவாக இறக்கும் பயிற்சியை 12 வாரம் கொடுத்தார். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 1998-ல் அது வெளியானது. பிறகு அதே முறையை முழங்கைக்கும் கொண்டு வந்தார்கள்.

எனக்குக் கொடுத்ததைச் சொல்கிறேன். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். கையில் 2 கிலோ டம்பெல். அசையாமல் 45 விநாடி பிடிக்க வேண்டும். கொஞ்சம் ஓய்வு, மறுபடியும். மொத்தம் ஐந்து முறை. 110 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தவன் 2 கிலோவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்! ஜிம்மில் செய்ய வெட்கப்பட்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். மூன்று வாரம் கழித்து இறக்கும் பயிற்சி. இடது கையால் டம்பெல்லை மேலே தூக்கிவிட்டு, வலது மணிக்கட்டால் மட்டும் நாலைந்து விநாடி எடுத்து மெதுவாக இறக்குவது. 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானால் அரைக் கிலோ கூட்டலாம்.

வலித்தால் நிறுத்தவா, தொடரவா? எனக்கு மிகவும் உதவியது இந்தக் கணக்குதான். பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை, செய்யலாம். மறுநாள் காலை செம்பைத் தூக்கும்போது வலி முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் நேற்றைய சுமை அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். கூடவில்லை என்றால் சரியான பாதையில் போகிறோம். காலைச் செம்புதான் எனக்கு அளவுகோல்.

ஜிம்மையும் முழுவதும் விடவில்லை. கால் பயிற்சி அப்படியே நடந்தது. நேர்க் கம்பியில் செய்யும் கர்லை நிறுத்திவிட்டு, கட்டைவிரல் மேலே இருக்கும்படி டம்பெல் பிடித்தேன். இழுக்கும் பயிற்சிகளுக்கு மணிக்கட்டில் மாட்டும் துணிப்பட்டை வாங்கினேன், விரல்களின் இறுக்கம் குறைந்தது. வாப்பாவைத் தூக்கும் முறையும் மாறியது. உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்தால் நோவுள்ள கயிறு முழுச் சுமையையும் வாங்கும். உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை விலாவோடு ஒட்டி, அவர்களை என் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் பெரிய தசைகள் பார்த்துக்கொள்ளும். இடுப்பில் ஓர் அகலத் துணிப்பட்டையும் கட்டிவிட்டோம், பிடிக்க வசதி. வீட்டில் நோயாளியைப் பார்க்கும் பெண்களுக்கும் இதைச் சொல்கிறேன். துணியைப் பிழியும் வேலையோடு இதுவும் சேர்ந்தால் உங்கள் முழங்கைதான் முதலில் கேட்கும்.

ஆறாவது வாரம் வரை பெரிய மாற்றமில்லை. விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். பத்தாவது வாரம், கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், வலிக்கவில்லையே என்று உறைத்தது.

தம்பிகளுக்கும் என் வயதுக்காரர்களுக்கும் சில எச்சரிக்கைகள். எடையைத் தூக்கும்போது முழங்கை மடிப்பில் 'டப்' என்று சத்தம் கேட்டு, புயத்துத் தசை மேலே சுருண்டுவிட்டால் அது பைசெப்ஸ் தசைநாண் அறுந்தது. 40 முதல் 60 வயது ஆண்களுக்குத்தான் அதிகம் வரும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் தைப்பதுதான் நல்லது, தள்ளிப்போனால் கஷ்டம். சுண்டுவிரல் மரத்துப்போனால் அது நரம்பு, இந்தப் பயிற்சி அதற்கில்லை. இடது கை வலியோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் வந்தால் ஜிம்மைக் குறை சொல்லாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கடையில் கேட்டு வாங்கிப் போடும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாத்திரைகள் தசைநாணைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-லேயே அட்டைமேல் எச்சரிக்கை போட வைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். டாக்டர் எழுதிக் கொடுத்தால் உங்கள் தசைநாண் வலியை அவரிடம் சொல்லுங்கள். உடம்பை ஏற்ற ஜிம்மில் யாராவது ஊசி போட்டுவிடுகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தசையை வீங்க வைக்கும் அந்த மருந்து கயிற்றுக்கும் சேர்த்துப் பலம் தராது.

எட்டு மாதம் ஆகிறது. டெட்லிஃப்ட் இப்போது 90 கிலோ. 110-க்குப் போகும் அவசரம் இல்லை. அடுத்த நோன்பு முடிந்ததும் பாதி எடையில் தொடங்குவதாக மகனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் வாப்பாவை அவன் தூக்குகிறான், இரவில் நான்.

கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் இருங்கள். அந்தப் பிசியோதெரபி பிள்ளையும் வந்திருக்கிறது, பெண்களுக்கு அந்தப் பக்க அறையில் அது செய்து காட்டும். ஆண்களுக்கு நான் காட்டுகிறேன். மேசை இருக்கிறது. டம்பெல் கொண்டுவரவில்லை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.