பேச்சு வராத பிள்ளையின் கையில் ஒரு அட்டை



பாத்ரூம் பழக்கத்தைப் பற்றி அசோசியேஷன் கூட்டத்தில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பேச்சு வராத பிள்ளை உள்ள வீட்டில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, கல்யாணத்துக்குக் கூட்டிப் போவதா, கீழே விளையாட விடுவதா என்பதையெல்லாம் பல நேரம் இந்த ஒரு பழக்கம்தான் முடிவு செய்கிறது.

பேச்சு வரவில்லை என்றால் எதுவும் புரியவில்லை என்று அர்த்தம் இல்லை. பல பிள்ளைகளுக்கு அவசரம் தெரியும். சொல்லத்தான் வழி இல்லை. காலைப் பின்னிக்கொள்வது, சோபாவுக்குப் பின்னால் போய் நிற்பது, நாம் அடம் என்று நினைக்கும் அழுகை, எல்லாமே அந்தச் செய்தியாக இருக்கலாம்.

தொடங்கும் முன், பிள்ளை ஒன்றரை, இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறதா என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். மலச்சிக்கல் இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கும் இடத்துக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள்.

அட்டைகள் இரண்டு வகை. ஒன்று, வரிசை அட்டை: ஜட்டியை இறக்குவது, உட்காருவது, கழுவுவது, ஜட்டியைப் போடுவது, ஃபிளஷ் செய்வது, கை கழுவுவது என்று ஆறு படங்கள். லேமினேட் செய்து, பிள்ளை உட்கார்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலும் டிஷ்யூ பேப்பர்தான் இருக்கும். நம் வீட்டில் இருப்பது மக்கும் ஹெல்த் ஃபாசெட்டும். அதனால் உங்கள் பாத்ரூமையே போனில் படம் எடுங்கள்.

இரண்டாவது, கேட்கும் அட்டை. இதில் ஒரே படம். பிள்ளை இதை எடுத்து நம் கையில் கொடுக்க வேண்டும். படத்தைக் கொடுத்துக் கேட்கும் இந்த முறைக்கு பெக்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் இருவரும் 1985இல் உருவாக்கியது.

இதைப் பிடித்த பொருளில் தொடங்குங்கள். பிஸ்கட் அட்டையைக் கொடுத்தால் உடனே பிஸ்கட். முதலில் ஒருவர் பின்னால் இருந்து பிள்ளையின் கையைப் பிடித்து உதவட்டும். இன்னொருவர் முன்னால் இருந்து வாங்கட்டும். கொடுத்தால் கிடைக்கும் என்று புரிந்த பிறகு பாத்ரூம் அட்டைக்கு வாருங்கள். அதைக் கொடுத்ததும் அந்த நிமிடமே கூட்டிப் போங்கள். "இரு, சீரியல் முடியட்டும்" என்று இரண்டு முறை சொன்னால், அட்டை வெறும் காகிதமாகிவிடும்.

பாட்டி ஒரு சொல், அம்மா ஒரு சொல், பள்ளியில் ஒரு சொல் என்று வேண்டாம். எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நனைத்துவிட்டால் திட்டாமல் மாற்றிவிடுங்கள். ஃபிளஷ் சத்தத்துக்கோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ பயந்தால், பிள்ளை வெளியே வந்த பிறகு ஃபிளஷ் செய்யுங்கள், ஃபேனை நிறுத்தி வையுங்கள்.

அட்டை காட்டினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயம் பல பெற்றோருக்கு இருக்கிறது. படங்கள் பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. சில பிள்ளைகளுக்கு அதன் பிறகு சொற்கள் கூடியும் இருக்கின்றன.

இனி நம் எல்லோருக்குமான விஷயம். வீட்டில் மட்டும் வேலை செய்யும் அட்டை பாதி அட்டைதான். பிள்ளை லிஃப்டிலும் இருக்கிறது, பார்க்கிலும் இருக்கிறது. கேட்கும் அட்டையின் இன்னொரு பிரதியைப் பையிலோ இடுப்பிலோ கோத்து அனுப்பச் சொல்கிறோம். அதை யாரிடமாவது நீட்டினால் பதில் கிடைக்க வேண்டும்.

அதனால் மூன்று வேண்டுகோள்கள். விளையாட்டுத் திடல் பக்கத்துப் பாத்ரூமை மாலையில் பூட்டாமல் வையுங்கள். கதவில் அட்டையில் உள்ள மாதிரியே ஒரு படம் ஒட்டுங்கள். ஒரு பிள்ளை உங்களிடம் அட்டையை நீட்டினால், கேள்வி கேட்காமல் பாத்ரூமைக் காட்டுங்கள்; கூடவே பெற்றோரைக் கூப்பிடுங்கள், நீங்கள் தனியாக உள்ளே கூட்டிப் போக வேண்டாம். செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மூன்றாவது, "இவ்வளவு பெரிய பையனுக்கு இன்னும் டயப்பரா?" என்று லிஃப்டில் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த அம்மா மறுநாள் கீழே வராமல் இருந்துவிடலாம்.

ஒரு படம், திறந்திருக்கும் ஒரு கதவு. சங்கத்துக்கு இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. இந்த மாதமே செய்துவிடலாம்.