துணைவிதிகளும் வீட்டு மனையும்

(மைசூரில் நடைபெற்ற வீட்டுவசதிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மனையின் விலையை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கின்றனர் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அப்பேச்சில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவரே உள்ளாட்சியின் துணைவிதி. சாலை எத்தனை அடி அகலம், மனையில் எவ்வளவு இடம் விட்டுக் கட்டவேண்டும், எத்தனை மாடி எழுப்பலாம் என்பவற்றை விதியே வரையறுக்கிறது. சிறு வருவாய்க் குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு இந்த வரையறைகளைப் பொறுத்தே பயன் தருகிறது அல்லது வீணாகிறது.

கொள்ளைநோய் கற்பித்த பாடம்

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், 1898இல் மைசூர் சமஸ்தானத்தையும் பற்றியது. பம்பாயில் 1898இலும், இந்நகரில் 1903இலும் நகர மேம்பாட்டு டிரஸ்டுகள் அமைந்தன. நெரிசலைக் குறைப்பதற்காக இங்குப் புதிய குடியிருப்புகள் உருவாயின. பழைய குடியிருப்புகள் பலவற்றில் வீடுகளின் பின்புறம் துப்புரவுப் பணிக்கென விட்ட சந்துகளை இன்றும் காணலாம். அன்று விதியோடு மனையும் சேர்ந்து வந்தது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. நிலத்தைப் பெற்று, சாலையிட்டு, மனையாக்கி வழங்கிய அமைப்பே விதியையும் நடைமுறைப்படுத்தியது.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி டிரஸ்ட் போர்டின் இடத்தில் நகர வளர்ச்சி ஆணையம் வந்தது. நகரம் வளர்ந்தது, விதிகளும் பெருகின. ஆனால் காத்திருப்போரின் எண்ணிக்கைக்கு ஈடாக மனைகள் வரவில்லை. விதி மட்டும் இருந்து மனை இல்லாதபோது, மக்கள் விதிக்கு வெளியே மனை தேடுவது இயல்பே.

கணக்கு கூறும் உண்மை

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலை, பூங்கா, பொதுத்தேவை ஆகியவற்றுக்கு ஒதுக்கியபின் 55 விழுக்காட்டை மட்டுமே விற்க முடியும் எனக் கொள்வோம். 20க்கு 30 அடி மனைகள் ஏறத்தாழ 40 கிடைக்கும். அனுமதி பெறாதவர் பூங்காவை விட்டுவிட்டு, சாலையையும் குறுக்கி 75 விழுக்காட்டை விற்பாரானால், 54 மனைகள் தேறும். கூடுதலான அந்த 14 மனைகளே சட்டமீறலுக்கு ஊக்கம் தருகின்றன. காலதாமதமும் அதற்குத் துணைபோகிறது. 12 விழுக்காடு கூட்டுவட்டியில் கடன் பெற்று நிலம் வாங்கியவர் அனுமதிக்காக ஈராண்டு காத்திருந்தால், நிலத்தின் அடக்கவிலை கால்பங்கு உயர்ந்துவிடும். நேர்மையாக நடப்பவர் அதனை வாங்குபவர் தலையில் ஏற்றுவார். மற்றவர் அனுமதியே கேளார்.

கட்டட விதியும் எல்லோரையும் சமமாகப் பாதிப்பதில்லை. நாற்புறமும் 3 அடி இடம் விடவேண்டும் என்று பொதுவிதி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40க்கு 60 அடி மனையில் அது 23.5 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும்; 20க்கு 30 அடி மனையிலோ 44 விழுக்காட்டை விழுங்கிவிடும். ஒரே விதி, வசதியுள்ளவருக்குத் தோட்டமாகவும் ஏழைக்குத் தண்டனையாகவும் அமைகிறது. ஆகவேதான் மனையின் அளவுக்கேற்ப விதியும் மாறவேண்டும் என்கிறோம்.

இடருக்குள்ளாவோர் யார்?

கர்நாடகத்தில் விளைநிலத்தை மனையாக்க வருவாய்த்துறையின் அனுமதி வேண்டும். மனைப்பிரிவுக்குத் திட்ட அமைப்பின் ஒப்புதல் வேண்டும். கட்டடத்திற்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். பத்திரம் பதிவானதாலோ, வரி செலுத்தி ‘கத்தா’ பெற்றதாலோ இவ்வொப்புதல்கள் கிடைத்துவிட்டன என்று பொருளன்று. இதனை அறியாத குடும்பம் சேமிப்பு முழுவதையும் செலுத்தி மனை வாங்குகிறது. பின்னர் வங்கிக்கடன் மறுக்கப்படும்போதும், குடிநீர்க் குழாய் வராதபோதுமே உண்மை விளங்குகிறது. விற்றவர் அதற்குள் அடுத்த நிலத்திற்குச் சென்றிருப்பார்.

விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் ‘அக்ரம-சக்ரம’ திட்டத்திற்குக் கர்நாடகம் 2007இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2016இல் உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. 2017இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. முறைப்படுத்துதல் சிலருக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அடிக்கடி மன்னிக்கப்படும் விதியை எவரும் மதிப்பதில்லை. விட்டுப்போன பூங்காவையும் எந்தக் கட்டணமும் திரும்பத் தராது.

செய்யத்தக்கவை

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டமிடலும் கட்டட ஒழுங்குமுறையும் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று அது வகுத்துள்ளது. அப்பொறுப்பை ஏற்கும் உள்ளாட்சிகளுக்கு மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, எந்தத் துணைவிதியையும் மிகச்சிறிய மனையை வைத்து வரையவேண்டும். அதில் கடைப்பிடிக்க இயலாத விதி நகரத்திற்கு ஏற்றதன்று. இரண்டாவதாக, அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலைப் பதிவு அலுவலகத்தின் வாயிலிலேயே, மக்களின் மொழிகளில், அறிவிக்கவேண்டும். மூன்றாவதாக, முதற் கல் ஊன்றும் நாளிலேயே மீறலைத் தடுக்கவேண்டும். வீடு எழும்பியபின் இடிப்பது குடும்பத்தைத் தண்டிக்குமேயன்றி மனைப்பிரிவு செய்தவரை அன்று.

விதியைத் தளர்த்துவது வேறு. ஏழையும் கடைப்பிடிக்கக்கூடியதாக அமைப்பது வேறு. பின்னதே நம் கடமை.