வாடகை வீட்டு வெந்நீர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன் பேசிய அறிஞர்கள் காப்பியத்தைப் பற்றியும் கல்வெட்டைப் பற்றியும் பேசினார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே எழுத்தர் பணியில் புகுந்த அடியேனுக்கு அத்தகைய புலமை இல்லை. ஆகவே, பட்டறிந்த ஒரு பொருளைப் பற்றியே பேச விழைகிறேன். அது, குளிப்பதற்கு வெந்நீர் தரும் பாய்லர். "பாய்லருக்கும் ஒரு மேடையா?" என்று சிலர் நகைக்கக்கூடும். சிறிது பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்து, கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் சாலைக் கடைவீதியின் சுற்றுப்புறங்களிலும் வேரூன்றிய நம்மவருள் பலர், சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் தந்தையார் விட்டுச்சென்ற வீட்டிலும் பின்கட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அங்கே அவர் காலத்துச் செம்புப் பாய்லர் ஒன்று இருந்தது. சிரட்டையும் தேங்காய் மட்டையும் போட்டு எரித்தால், நடுக்குழாய் வழியே புகை போகும். சுற்றியுள்ள தண்ணீர் சுடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அந்தப் பாய்லர் ஒருநாள் அடியில் ஒழுகத் தொடங்கியது. பற்றவைத்துத் தரும் கன்னாரும் கிடைக்கவில்லை. மாற்று ஒன்று வாங்கவேண்டியதாயிற்று.

அப்போது நான் செய்த பிழையை இந்த அவையில் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடையில் நான் கேட்ட முதற்கேள்வி "விலை என்ன?" என்பதே, அதுவே கடைசிக் கேள்வியும் ஆயிற்று. மலிவாகக் கிடைத்த எரிவாயுக் கீசர் ஒன்றை வாங்கி, குளியலறைச் சுவரிலேயே மாட்டச் செய்தேன். 'குளியலறைக்குள் பொருத்தலாகாது' என்று அதனுடன் வந்த தாளில் அச்சிட்டிருந்தது. நான் அதைப் பிரித்தும் பார்க்கவில்லை.

இடவப்பாதி மழை வந்தது. சாரல் அடிக்கிறதென்று குளியலறையின் ஒரே சிறு சாளரத்தையும் அடைத்துவிட்டார்கள். ஒருநாள் காலை, பள்ளிக்குப் புறப்படக் குளிக்கச் சென்ற பதினான்கு வயதுச் சிறுமி வெளியே வரவில்லை. செம்பு விழுந்த ஓசை கேட்டு அவள் தாய் கதவைத் தட்டினார், மறுமொழி இல்லை. தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தபோது குழந்தை சுவரோரம் மயங்கிக் கிடந்தாள். தாழ்வாரத்தில் காற்றுப்படக் கிடத்தி, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். ஆக்சிஜன் கொடுத்தார்கள். இறையருளால் மறுநாள் வீடு திரும்பினாள்.

நிகழ்ந்தது என்னவென்று மருத்துவர் விளக்கினார். அடைத்த அறையில் எரியும் தீ, அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. பிறகு வாயு முற்றும் எரியாமல் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் குருதி ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும். மூச்சுத் திணறல் தோன்றுமுன்பே நினைவு போய்விடும்.

மருத்துவமனையில் அச்சிறுமியின் பாட்டியார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தம்பி, உங்கள் வீட்டிலும் இந்தக் கீசர்தான் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்கள். என் வீட்டிலோ, முத்திரை பார்த்து வாங்கிய மின்சாரக் கீசர் இருந்தது. நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்பர்களே! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வாடகை வீட்டு வெந்நீரில் உள்ள சிக்கலும் இதுவே. வாங்குபவர் ஒருவர்; குளிப்பவர் வேறொருவர். மின்கட்டணம் செலுத்துபவரும் அவரே. ஆதலால் வீட்டுக்காரரின் கண்ணுக்கு விலை ஒன்றே தெரிகிறது.

அதற்குப்பின் நான் பலரை விசாரித்து அறிந்தவற்றைச் சொல்கிறேன். கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. விலை அவற்றுள் கடைசி.

முதலாவது, அந்த அறைக்கு எது தகும்? எரிவாயுக் கீசரென்றால் அறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்கவேண்டும். அதற்கு இடமில்லையேல் மின்சாரக் கீசரே தக்கது. கதிரவன் வெப்பத்தால் இயங்கும் கலன் சிக்கனமானதே. எனினும் நம் ஊரில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் வானை மூடும் நாட்களில் அதற்கு மின்சாரத் துணை வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் எத்தகையது? இராமநாதபுரத்துக் கிணற்று நீர் உப்புப் படியும் நீர். கேரளத்தின் செம்மண் பாறைக் கிணறுகளிலோ பெரும்பாலும் புளிப்புத் தன்மையுள்ள நீர். அது உலோகத்தை அரிக்கும். அருவிக்கரையிலிருந்து வரும் குழாய்நீரா, கிணற்று நீரா என்று பார்த்தே கலத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள இரும்புக் கலத்தில் மக்னீசியக் கோல் ஒன்று இருக்கும். அது தான் கரைந்து கலத்தைக் காக்கும். கோல் கரைந்து தீர்ந்தபின் கலமே கரையும். ஆகவே ஆண்டுக்கொருமுறை திறந்து பார்ப்பது நன்று.

மூன்றாவது, எவ்வளவு வேண்டும்? நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 25 லிட்டர் போதும். 60 பாகை வரை சுட்ட 25 லிட்டருடன் தண்ணீர் கலந்தால் இதமான வெந்நீர் ஏறத்தாழ 60 லிட்டர் கிடைக்கும். அதைச் சுடவைக்கச் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய ஒரு யூனிட். 2,000 வாட் கீசரானால் அரைமணி நேரம் பிடிக்கும். எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறி மிகுதியாக உள்ளதை வாங்கினால், சுட்ட நீர் வீணே ஆறிப்போவது குறையும். அந்த மிச்சம் நமக்கன்று, குடியிருப்பவருக்கே. ஆயினும் அதைத் தருவது நம் கடமை.

நான்காவது, மனிதர் மறந்தாலும் மறவாத காவல் அதில் உண்டா? என் தந்தையார் நீராவி எஞ்சினில் கரி தள்ளியவர். எஞ்சின் பாய்லரின் நெருப்புப் பெட்டிக்கு மேற்கூரையில் ஈயம் அடைத்த ஆணி ஒன்று உண்டு என்று சொல்வார். தண்ணீர் வற்றினால் ஈயம் உருகும்; நீராவி நெருப்பின்மேல் பாய்ந்து ஆளை எச்சரிக்கும். அதுபோலவே கீசரில், சூடு மிகுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும், அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வும் இருக்கவேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடவே கூடாது. 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். அதைச் சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் செருகுவது தீயை அழைப்பதாகும். 16 ஆம்பியர் பிளக்கும், முறையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியும் இன்றியமையாதவை.

ஐந்தாவதுதான் விலை. அதனோடு, பழுது பார்க்க நம் ஊரில் ஆள் உண்டா என்பதையும் கேட்கவேண்டும். உத்தரவாதச் சீட்டின் நகலைக் குடியிருப்பவரிடம் கொடுத்து, பழுதானால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு நேராது.

தொழிற்சாலைக் கொதிகலன்களைச் சோதிக்க 1923-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2025-இல் அதற்கு மாற்றாகப் புதிய சட்டமும் வந்துவிட்டது. வாடகை வீட்டுக் குளியலறையைச் சோதிக்கவோ எந்த அதிகாரியும் வருவதில்லை. அங்கே வீட்டுக்காரரின் மனச்சாட்சி ஒன்றே அதிகாரி.

எரிவாயுக் கீசரைக் கழற்றி எறிந்தேன். மேற்சொன்ன முறையில் வேறொன்று பொருத்தி, சாளரத்தையும் பெரிதாக்கினேன். மின்பணியாளர் வேலையை முடித்ததும், என் மகளை அழைத்துச் சென்று அக்குளியலறையில் முதலில் அவளையே குளிக்கச் செய்தேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்ததைக் கண்ட பிறகே சாவியை அக்குடும்பத்தாரிடம் கொடுத்தேன்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் அன்பர்களே! இன்று வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் குடியிருப்போரின் குளியலறையை அவர்கள் இசைவோடு ஒருமுறை பாருங்கள். 'என் குழந்தையை இங்கே குளிக்க அனுப்புவேனா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை 'இல்லை' என்று வருமாயின், நாளைக்கென்று தள்ளிவைக்க வேண்டாம்.